நிலக்கரிப் பாதி

எங்கள் பழம்படகுச் சங்கத் தலைவர் கிரிஸ்பின் ஆட்லிங், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மேலாளர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறுநாள் கால்வாய்க்காரராகப் பிறந்தவர். கழுத்தில் புள்ளிபோட்ட கைக்குட்டை, வெண்கலப் பொத்தான் வைத்த கறுப்பு அரைக்கோட்டு, தட்டைத் தொப்பி. வெயிலோ மழையோ இதே வேஷம்தான். ஹாஸல்டன் படகுத்துறைக்குச் சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகள் அவரை நூறு வருஷத்துக்கு முந்தின ஆள் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடும். அவரும் நின்று தொடக் கொடுப்பார்.

"எங்கப்பா இப்பிடி உடுத்திக்கிட்டு வந்திருந்தா எங்கம்மா அவரைத் தண்ணிக்குள்ள தள்ளிவிட்டிருப்பா" என்பாள் ரோடா.

ரோடா ஹாம்ப்ளின் நிஜமாகவே கால்வாயில் பிறந்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் 'பீவிட்' என்கிற ஒல்லிப் படகில் கம்பெனிக்கு நிலக்கரி ஏற்றினார்கள். முன்பக்கம் முழுக்கக் கரி. பின்பக்கத்தில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு மடக்குப் பலகை கொண்ட பொந்து ஒன்று. அதுதான் கேபின், அதுதான் வீடு, பிரசவ ஆஸ்பத்திரியும் அதுவே. லாரிகள் வந்தன, கம்பெனி மூடியது, படகு பழைய இரும்புக்காரனிடம் போனது. அவன் நீளமான படகை வாங்க ஆளில்லை என்று நடுவில் வெட்டி, இரண்டு துண்டாக விற்றான். இது இங்கே யாருக்கும் அதிசயமில்லை. பாதிப் படகை வாங்கி, மீதிப் பாதியைப் புது எஃகில் ஒட்ட வைத்து, முழுப் படகு என்று ஓட்டுகிறவர்கள் ஏராளம்.

பல வருஷம் தேடி, ரோடா பின்பாதியைக் கண்டுபிடித்தாள். யாரோ மதுக்கடைக்காரன் அதற்குப் புது மூக்கு வைத்து, 'ஹேப்பி ஹவர்' என்று மஞ்சளில் எழுதி வைத்திருந்தான். கேபினுக்குள் தலையை விட்டதுமே தெரிந்துவிட்டதாம். அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் அவள் அம்மா கத்தி தீட்டிய பள்ளம் அப்படியே இருந்தது. வாங்கிவிட்டாள். பழைய பெயரை எழுத முடியவில்லை. எங்கள் துறையில் ஒரே பெயரில் இரண்டு படகு கூடாது. அங்கே ஏற்கெனவே ஒரு பீவிட் நின்றது. தலைவருடையது.

தலைவரின் பீவிட் பளபளவென்று இருக்கும். முகப்புத் தகட்டில் அசல் பதிவு எண் குத்தியிருக்கும். கேபின் கதவில் பித்தளைப் பலகை: 'கால்வாய்களின் தேவசிற்பி ஏபெல் ஸ்ட்ராங்வே கட்டியது. இந்தக் கேபினில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தது.' ரோடா அவரைப் போலி என்றாள். அவர் ரோடாவை, நாகரிகமாக, 'கற்பனை வளம் உள்ள பெண்மணி' என்றார்.

இதெல்லாம் பேச்சோடு போயிருக்கும். இலையுதிர்காலத்தில் தலைவர் ஒரு விதி கொண்டுவந்தார். கட்டியவர் யார், வரலாறு என்ன என்று நிரூபிக்கப்பட்ட படகுகளுக்கு மட்டுமே இனித் துறையில் இடம்; மற்றவை குளிர்காலத்துக்கு முன் வெளியேற வேண்டும். சொந்தத் துறை இல்லாத படகு எங்கள் கால்வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக்கூடாது. ரோடாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலை வேலை. ஒரு முழங்காலில் அறுவை நடந்திருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருதரம் படகை நகர்த்திக்கொண்டு, மதகுகளைத் தள்ளித் திறந்துகொண்டு, எங்கிருந்தோ பஸ் பிடித்து வேலைக்கு வருவதென்றால் வேலை போகும், இல்லையென்றால் முழங்கால் போகும்.

விசாரணை சங்கக் கூடத்தில் நடந்தது. நான் செய்தி மடல் ஆசிரியன் என்ற முறையில் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறு யாரும் முன்வரவில்லை என்பதுதான் அந்தப் பதவிக்கு என் தகுதி.

"உங்க படகை யார் கட்டினாங்க, மிஸஸ் ஹாம்ப்ளின்?"

"தெரியாது தொரை. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே கட்டி முடிச்சிட்டாங்க."

"அப்போ அது பீவிட்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"நான் அதுக்குள்ளதான் பொறந்தேன்."

"அது சான்றாகாதே, மேடம். வெறும் வாய்மொழி."

"எங்கம்மா அன்னிக்குப் போட்ட சத்தத்தைக் கேட்டிருந்தா நீங்களே ஒத்துக்குவீங்க, வாய்மொழிதான்னு."

கமிட்டி சிரிக்கவில்லை. வரலாற்றைக் காக்கிறவர்கள் வேலை நேரத்தில் சிரிப்பதில்லை.

"வேற ஏதாவது?"

"ஒட்டு இருக்கு. அந்தப் பெரிய பனிக்காலத்துல அப்பா படகைக் கொண்டுபோய் மதகுச் சுவர்ல மோதிட்டார். எடப்பக்கம், தண்ணி மட்டத்துக்குக் கீழ, நட்ட நடுவுல ஓட்டை. தகடு வேணுமே? பாலத்துல கம்பெனிக்காரன் ஒரு இரும்புப் பலகை மாட்டியிருந்தான், 'அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவர்'னு. அதை ராவோட ராவா கழட்டி ஒட்டிட்டார். அவசரத்துல எழுத்து வெளிப்பக்கமாப் போயிருச்சு. அம்மா ஒரு வாரம் திட்டுனா. இப்ப எங்கிட்ட 'தண்டிக்கப்படுவர்' மட்டும்தான் இருக்கு. முன்னாடி வார்த்தை எங்க போச்சுன்னு அந்தப் பழைய இரும்புக்காரனைத்தான் கேக்கணும்."

இப்போது சிரித்தார்கள். தலைவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். "அருமையான கதை. டெரிக், நீங்க விசாரிச்சு ஒரு அறிக்கை குடுங்க" என்று என்னைப் பார்த்தார். படகிலேயே பிறந்த பெண்ணின் வார்த்தை போதாது. செய்தி மடல்காரனின் அறிக்கை போதும். எனக்கு அன்றே பற்றிக்கொண்டு வந்தது.

விசாரித்தேன். ஸ்ட்ராங்வேயின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது தரைவிரிப்புக் கடை இருக்கிறது. அங்கே படகைப் பற்றிக் கேட்டதற்கு, நீலத்தில் தள்ளுபடி உண்டு என்றார்கள். தேவசிற்பியின் தம்பி வழிப் பேத்தி ஒருத்தியைத் தேடிப் பிடித்தேன். நாயைக் குளிப்பாட்டிக்கொண்டே பேசினாள்.

"ஏபெல் பெரிய தாத்தாவா? அந்த ஆளு சுத்தியலைத் தூக்கினதே கெடையாதாம். இடுப்புப் பிடிப்பு. நாற்காலியைப் போட்டு உக்காந்து எல்லாரையும் வையறதுதான் வேலை. ஏங்க, அவருக்கு என்ன சிலை வைக்கப்போறீங்களா?"

"அப்ப படகு கட்டினது?"

"வேலைக்காரங்க. பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?"

இதை எழுதித் தலைவரிடம் கொடுத்தேன். படித்தார், மடித்தார், பைக்குள் வைத்தார். "இது மடல்ல வேண்டாம் டெரிக். உறுப்பினர்கள் மனசு புண்படும்." ரோடாவின் விஷயத்தில் 'சான்று இல்லை' என்று முடிவாகி, வெளியேற்ற உத்தரவு அவள் கதவில் ஒட்டப்பட்டது. தலைவரே கோந்து பூசி ஒட்டினார். கோந்து அவருடைய அரைக்கோட்டில் பட்டதுதான் அன்று எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

வெளியேறுமுன் ரோடா படகின் அடியைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. வில்ஃப் என்பவனுடைய டாக்கில், தண்ணீரை வடித்துவிட்டுப் படகை மரக்கட்டைகள்மேல் உட்கார வைப்பார்கள். அதே நாளைத்தான் தலைவரும் தேர்ந்தெடுத்திருந்தார். கமிட்டியை மொத்தமாக அழைத்து, தகடுகளை இணைக்கும் ஸ்ட்ராங்வேயின் ரிவெட் ஆணி வேலையை நேரில் காட்டப்போகிறாராம். தேநீர், பிஸ்கட் உண்டு. வில்ஃப் எதிலும் சிக்கனக்காரன். ஒரே தண்ணீருக்கு இரண்டு படகு என்று ஒன்றன்பின் ஒன்றாக விட்டு வடித்துவிட்டான்.

"இவங்க படகையும் என் படகையும் ஒண்ணா வைக்கறதா, வில்ஃப்?"

"என்னங்க, சம்பந்தமா பேசப்போறோம்? கழுவிட்டு அனுப்பிருவேன், பேசாம இருங்க."

வில்ஃப் அந்த மாதம்தான் தண்ணீரைப் பீய்ச்சும் புது மிஷின் வாங்கியிருந்தான். முதலில் ரோடாவின் படகு. பாசி போயிற்று, தார் போயிற்று, இடப்பக்கம் வெல்டிங் கோட்டை ஒட்டினாற்போல் புடைத்த எழுத்துகள் தெரிந்தன: தண்டிக்கப்படுவர். கமிட்டியில் ஒருவர் தேநீரை உறிஞ்சி, "அடடே, கதைக்கு ஏத்த மாதிரி நல்லா செஞ்சு வச்சிருக்காங்க" என்றார். ரோடாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

பிறகு தலைவரின் படகு. அவர் கைத்தடியால் சுட்டிக்காட்டி, ரிவெட் வரிசையின் இசை நயம் என்று ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். வருஷாவருஷம் காசு கொடுத்துத் தார்மேல் தார் பூசியிருந்ததால் அது தோல் மாதிரி கெட்டியாக இருந்தது. வில்ஃப் மிஷினைக் கிட்டே கொண்டுபோனான். ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. அடியில் ஒரு தகடு. புது எஃகு தொடங்கும் இடத்தில் கத்தரித்தாற்போல் நின்றது. அதன்மேல் புடைத்த எழுத்துகள்.

அத்துமீறுவோர்.

கைத்தடி அந்த வார்த்தையின்மேலேயே நின்றது. வில்ஃப் மிஷினை அணைத்தான்.

"தொரை," என்றாள் ரோடா. "எங்கப்பா திருடுன பலகையில மீதி உங்ககிட்டதான் இருக்கா?"

டாக் கொட்டகைக்குள் அவசரக் கூட்டம் போட்டார்கள். தலைவருக்கு வெட்கம் வந்திருக்கும் என்று நினைத்தேன். வந்தது ஒரு தீர்மானம். பதிவு எண் முகப்பில் இருப்பதால் முன்பாதியே பீவிட். பின்பாதி 'கழற்றப்பட்ட பாகம்'. பாகத்துக்குத் துறையில் இடம் தர விதியில்லை. மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். இரும்பே வாய் திறந்து பேசியும் இந்த ஆளுக்குக் காது கேட்கவில்லை.

ரோடா கொட்டகை வாசலில் நின்றிருந்தாள்.

"பேரு படகுல எங்க எழுதுவாங்க தொரை?"

"கேபின் பக்கவாட்டுல. அது எல்லாருக்கும் தெரியும்."

"கேபின் யார்கிட்ட இருக்கு?"

தலைவர் கைக்குட்டையைச் சரிசெய்தார்.

"எங்கம்மா சமைச்சது, பெத்தது, காய்ச்சல்ல கெடந்தது எல்லாம் எங்கிட்ட இருக்கிற பாதியில. உங்ககிட்ட இருக்கிறது நிலக்கரி கொட்டுன பாதி. நாங்க அதுக்குள்ள காலைக்கூட வைக்கமாட்டோம், கறுப்பாயிரும்னு. நீங்க என்னடான்னா கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு கரிக்குழிக்குள்ள குடித்தனம் பண்றீங்க."

"நாகரிகமா பேசுங்க, மேடம்."

"கதவுல நோட்டீஸ் ஒட்டுறவன்கிட்ட என்ன நாகரிகம்?"

அப்போது எங்கள் பொருளாளர் அம்மாள், கூட்டங்களில் பின்னல் வேலை மட்டுமே செய்கிறவர், ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அப்போ இத்தனை வருஷமா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு நாம எந்தக் கேபினைக் காட்டினோம், கிரிஸ்பின்?"

அவர் விஷமமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஒரு குடும்பம் வாழ்ந்ததாகப் பித்தளையில் பொறித்திருந்த அந்தக் கேபின், தலைவர் தச்சனை வைத்துச் செய்தது. வாழ்ந்த குடும்பத்தின் பெண்ணைத்தான் துரத்திக்கொண்டிருந்தோம்.

"நான் ரெண்டு தகட்டையும் படம் எடுத்தாச்சு," என்றேன். "அடுத்த மடல்ல முன்பக்கம் காலியாத்தான் இருக்கு. நாற்காலியில உக்காந்து வஞ்ச தேவசிற்பி பத்தியும் ரெண்டு பத்தி சேர்த்துக்கலாம்."

"இது மிரட்டல், டெரிக்."

"வாய்மொழிதானே, சார். சான்றாகாது."

வாக்கெடுப்பு நடந்தது. பொருளாளர் அம்மாள் ஊசியோடு கையைத் தூக்கினார், மற்றவர்கள் அவரைப் பார்த்துத் தூக்கினார்கள். ரோடா துறையிலேயே இருக்கலாம் என்று முடிவானது. தலைவர் அதையும் தானே வழங்குகிற தோரணையில் பையிலிருந்து சான்றிதழை எடுத்துப் பூர்த்தி செய்து நீட்டினார்.

ரோடா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். "கட்டியவர், ஏபெல் ஸ்ட்ராங்வே. முன்னாள் உரிமையாளர், கம்பெனி. எங்கப்பா அம்மா பேரு எங்க?"

"அதுக்குத் தனிக் கட்டம் இல்லையே, மேடம்."

"நாற்காலியில உக்காந்து வஞ்சவனுக்குக் கட்டம் இருக்கு. பனியில கைவிரல் செத்துப்போய் சுக்கான் பிடிச்சவளுக்கு இல்ல."

அவள் சான்றிதழைக் கிழிக்கவில்லை. துறையில் நிற்க அது வேண்டும். மடித்து, சலவைக்கூடத்து மேலங்கிக்குள் செருகிக்கொண்டு, படகின் பின்பக்கம் ஏறிப் போனாள். திரும்பும்போது கையில் பெயின்ட் டப்பா.

படகின் பெயரை மாற்றுவதென்றால் தண்ணீரில் இருக்கும்போது மாற்றக்கூடாது, பெருங்கேடு வரும் என்பது கால்வாய்க்காரர்களின் கண்டிப்பு. தலைவரே இதைப் பற்றி என் மடலில் தொடர் எழுதி என்னைப் படுத்தியிருக்கிறார். இப்போது படகு கட்டைமேல் உட்கார்ந்திருந்தது. ரோடா 'ஹேப்பி ஹவ'ரை அடித்துவிட்டு, கேபின் பக்கவாட்டில் பெரிதாக 'பீவிட்' என்று எழுதினாள். அதன் கீழே அப்பா பெயர், அம்மா பெயர். எழுத்து கோணல்தான்.

"ஒரே பேர்ல ரெண்டு படகு விதிப்படி கூடாது" என்றார் தலைவர், கொஞ்சம் சன்னமாக.

"அப்ப உங்களதை மாத்துங்க. டாக்லதான் நிக்குது. பேரு வேணும்னா நானே சொல்றேன்."

வில்ஃப் தார் வாளியோடு வந்தான். தண்ணீர் விடுமுன் அடிப்பாகம் பூசியாக வேண்டும். முதலில் தலைவரின் தகட்டில்தான் பூசச் சொன்னார்கள், அவசரமாக, இரண்டு பூச்சு. பிறகு ரோடாவிடம் வந்தான்.

"சுத்திலும் பூசிக்க. எழுத்துல வேணாம்."

"துருப்பிடிக்கும் ரோடா."

"எங்கப்பா ஒட்டுனதுலேர்ந்து பிடிக்காத துரு இனிமேலா பிடிக்கப்போவுது?"

"தண்ணிக்குள்ள போயிட்டா யார் பாக்கப்போறா, சொல்லு."

"யாரும் பாக்க வேணாம்." மிச்சமிருந்த சிவப்பு பெயின்டில் தூரிகையைத் தோய்த்துக்கொண்டு, அறுவை செய்த முழங்காலை மடக்க முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்து, அப்பா திருடிய எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சிவப்பாக்கினாள். தலைவர் மேலே, டாக் விளிம்பில், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

"எங்க இருக்குன்னு தொரைக்குத் தெரியும்ல" என்றாள் ரோடா, நிமிராமல். "அது போதும். தண்ணியை விடு."