அக்கா வாயால் கேட்க வேண்டியது

"குழந்தைக் காப்பகத்துக்கு முதல் மாசக் காச நீங்களே கட்டுங்க," என்றேன்.

மேசைக்கடியில் அக்கா லியான் என் காலை மிதித்தாள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்டதற்குப் பதில் சொல்லலாம், எதையும் கேட்கக் கூடாது. டைன் ஆற்றங்கரையில் எங்கள் தெருவே அப்படித்தான். என்னைப் பட்டம் வரைக்கும் தள்ளிக்கொண்டுபோன அக்கா, வாசலில்கூட அதைச் சொல்லித்தான் உள்ளே கூட்டிவந்தாள்.

இதுவரை மாலையில் அவள் கட்டடங்களைப் பெருக்கப் போவாள், அவள் மகன் ஜூடை நான் பார்த்துக்கொள்வேன். திங்கட்கிழமையிலிருந்து எனக்கும் வேலை, அவளுக்கும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பகல் வேலை. காப்பகச் செலவில் பெரும்பங்கை அரசாங்கம் திருப்பித் தரும். ஆனால் முதலில் நாம் கட்டிவிட்டு ரசீதைக் காட்ட வேண்டும். காசில்லாதவர்களுக்கான உதவியை வாங்கவே காசு வேண்டும். இதை யோசித்தவன் எவனும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருக்க மாட்டான்.

"அதுக்குத் தனியா ஒரு நிதி இருக்கு, கண்ணு," என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் மோரீன். "நேரா காப்பகத்துக்கே கட்டிடுவோம். நீங்களா முன்னாடியே கட்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

"அக்கா வாராவாரம் இங்க வர்றா. ஏன் சொல்லல?"

"அவ கேக்கலயே."

"கேக்க மாட்டா. ஊர்த்துணியத் தொவைக்கப் போறவ, காசுக்காக வீட்டு வாஷிங் மெஷின விக்கப் பேசி வச்சிருக்கா."

அக்கா இன்னொரு முறை மிதித்தாள். மோரீன் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"நீ கேட்டா செல்லாது கண்ணு. அவதான் கேக்கணும்."

அக்கா மடியிலிருந்த ஜூட், தான் தின்றுகொண்டிருந்த ரொட்டியில் பாதியை அவள் வாயில் திணித்தான். மென்று விழுங்கினாள்.

"நீ வெளிய போடி," என்றாள் என்னிடம்.

"ஏன்?"

"உன்ன, யார்கிட்டயும் கேக்காத கேக்காதன்னு சொல்லியே வளத்துட்டேன். உன் முன்னாடி எப்படிக் கேப்பேன்?"

"இது பிச்சை இல்லக்கா, உன் உரிம..."

"பட்டம் வாங்கினா பிரசங்கம் பண்ணணுமா? அவனக் கூட்டிட்டுப் போ. வெளிய காத்து அடிக்குது, குல்லாவப் போட்டுவிடு. உனக்கும்தான்."

குல்லாவை மாட்டி ஜூடைத் தூக்கினேன். அக்கா கோட்டுப் பொத்தான்களைக் கழற்றி, நாற்காலியை மேசையோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நான் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தேன்.