ஒன்பது காலிக் கட்டங்கள்

மூன்று பருவத்துக்கு முப்பத்தாறு கோப்புகள். ஒன்றும் ஒன்றைப் போல இல்லை. ஒன்றில் எண்களுக்கு நடுவே காற்புள்ளி, இன்னொன்றில் வெறும் இடைவெளி. தாய்லாந்து எழுத்தெல்லாம் சிலதில் கட்டம் கட்டமாய் உடைந்து கிடந்தது. ஆண்டை 2566 என்று போட்டிருந்ததால் விரிதாள் அதை எதிர்காலம் என்று நம்பியது. அதற்கென்ன, அது புத்தர் கணக்கில் வளர்ந்ததா?

வாய்மொழித் தேர்வுக்குப் பத்து நாள். உதவித்தொகை இந்த மாதத்தோடு முடிகிறது. வறட்சி தாங்கும் என் நெல், ஊர் நெல்லைவிட அதிகம் விளைகிறது என்பதுதான் மொத்த ஆய்வேடும். பதற வேண்டிய நேரம்தான். எனக்கு என்னவோ பதற்றம் வரவில்லை. மரத்துப்போன பல்லால் மெல்வது போல வேலை பார்த்தேன்.

மதியத்துக்குள் எல்லாம் ஒரே தாளில் வந்து உட்கார்ந்தன. கடைசிப் பருவத்தின் சராசரியைப் போட்டேன். என் நெல் பாத்திக்கு 6.4 கிலோ, ஊர் நெல் 4.9.

"அடியே ஓய், விருந்து எப்போ?" என்றாள் முக். பக்கத்து மேசைக்காரி, மரவள்ளி ஆராய்ச்சி செய்கிறவள். "பொரிச்ச கோழி சொல்லி ஏமாத்தாதே. வாட்டின கோழி, முழுசா."

"எண்ணிக்கையைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

ஊர் நெல்லுக்கு இருபத்து நான்கு பாத்தி. என் நெல்லுக்கும் இருபத்து நான்கு. ஆனால் எண் இருந்தது பதினைந்தில்தான். ஒன்பது கட்டம் காலி. காலிக் கட்டத்தை விரிதாள் சராசரியில் சேர்ப்பதே இல்லை.

"எலி தின்னிருக்கும்" என்றாள் முக்.

"எலிக்கு என் நெல்லு மட்டும்தான் பிடிக்குமா?"

பேராசிரியருக்குச் செய்தி அனுப்பினேன். சாப்பாட்டு நேரத்திலும் உடனே பதில் வந்தது. 'பதிவாகலைன்னா பதிவாகலை. காலியாவே விடு. என்ன காரணம்னு மட்டும் கேட்டு அடிக்குறிப்பு போடு.'

அதுவும் சரிதான் என்று பட்டது. அடிக்குறிப்புக்காகத்தான் பூன்மா பெரியப்பாவைக் கூப்பிட்டேன். ஆய்வுப் பண்ணையில் என் வயலைப் பார்த்துக்கொண்டதும், அறுத்து நிறுத்து எழுதியதும் அவர்தான்; உறவில்லை, வயதுக்காகப் பெரியப்பா.

"சாப்ட்டீங்களா டீச்சரம்மா?" அவர் எப்போதும் தொடங்குவது இப்படித்தான்.

"ஆச்சு பெரியப்பா. போன அறுவடையில ஒன்பது பாத்திக்கு எடை எழுதலையே, மறந்துட்டீங்களா?"

அந்தப் பக்கம் கொக்கரித்த கோழியை விரட்டினார்.

"மறக்கல. அதுல ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா?"

"காஞ்சு போச்சு. அறுக்கறதுக்கு ஒரு கதிர்கூட இல்ல."

"அப்ப பூஜ்யம்னு எழுதியிருக்கலாமே."

"நீங்க பாடுபட்டுக் கொண்டாந்த நெல்லு. நான் போயி அதுக்கு நேரா முட்டை போடறதா? மனசு வரல. படிச்சவங்க, பாத்தாப் புரிஞ்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன்."

எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அதான் கூப்பிட்டேனேம்மா. ஒட்டரிசிச் சோறு வடிச்சிருக்கு, கோழி வாட்டறோம், வயப்பக்கம் வந்துட்டுப் போங்கன்னு மூணு தடவை சொன்னேன்."

சொன்னார். மூன்று தடவையும் எனக்கு நினைவிருந்தது. தரவைச் சுத்தம் செய்கிற வேலை இருக்கிறது என்று மூன்று தடவையும் சொன்னேன். எங்கள் ஊரில் யாரும் கெட்ட செய்தியை நேராகச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நானும் இந்த ஊர்க்காரிதான். எனக்கு அது புரிந்திருக்க வேண்டும்.

"இன்னிக்கி வரட்டுமா பெரியப்பா?"

"தாராளமா வாங்க. ஆனா பாக்க ஒண்ணும் இல்ல. உழுதாச்சு."

போனை வைத்தேன். முக் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் திரைக்குத் திரும்பிக்கொண்டாள்.

ஒவ்வொரு கட்டமாகப் பூஜ்யம் அடித்தேன். 6.4 என்பது 6.0 ஆயிற்று. அடிக்க அடிக்க இறங்கியது. ஐந்தாவதில் ஊர் நெல்லுக்குக் கீழே போயிற்று. அங்கேயே நிறுத்தலாமா என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்கப் போவதில்லை. ஒன்பதாவதில் 4.0.

தரவைத் திருத்தினால் பேராசிரியருக்கு அனுப்ப வேண்டிய படிவத்தைத் திறந்தேன். காரணம்: பயிர் முழுவதும் காய்ந்தது. நேரில் கண்டவர்: பூன்மா. அதற்குக் கீழே, ஆய்வாளர் அந்தப் பருவத்தில் வயலைப் பார்வையிட்ட தேதி. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன்.