அரியமுத்துவின் கோபத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் சர்வதேசப் பரிசோதனை நாடக, நடன விழா நடக்கிறது, பார்த்துவிட்டு நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று சிற்றிதழ் நடத்தும் நண்பர் கேட்டார். போனேன். திரும்பி வந்து முதல் வாக்கியத்தையும் எழுதினேன்:

"உடல் என்பது ஒரு மொழி; அதன் இலக்கணத்தை உடைக்கும்போது..."

உடைக்கும்போது என்ன ஆகும் என்று எனக்கே தெரியவில்லை. விட்டுவிட்டேன். அடுத்த தொடக்கம்:

"மேடை முழுக்க உப்பு. நடுவே ஒரு ஜப்பானியர் விழுகிறார். விழுந்துகொண்டே..."

இதையாவது முடித்திருப்பேன். ஆனால் நடந்தது வேறு. அவர் மிக மெதுவாக விழுந்து உப்பில் அசையாமல் கிடந்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள், "மயக்கம் போட்டுட்டாரு போலருக்கு, தண்ணி குடுங்கய்யா" என்று குரல் கொடுத்தார். யாரோ ஒருவர் பாட்டிலோடு மேடையேறியும் விட்டார். கலைஞர் படுத்தபடியே வாங்கிக் குடித்தார். விழாவிலேயே அதற்குத்தான் அதிகக் கைதட்டல். அந்தக் கைதட்டலைக் கட்டுரையில் எங்கே வைப்பது?

[அரங்கில் பாதிப்பேர் ஊர்க்காரர்கள். தேர்வு விடுமுறைக்கு மாணவர்களில் பலர் போய்விட்டதால், நாற்காலிகள் காலியாகக் கிடக்கக்கூடாதென்று சுற்றுவட்டார ஊர்களுக்குப் பஸ் அனுப்பியிருந்தார்கள். 'நாடகம்' என்று மட்டும் சொல்லி அழைத்திருந்தார்கள். வந்தவர்கள் ராஜா வேஷத்துக்காகக் காத்திருந்தார்கள்.]

ஆகவே கட்டுரை வேண்டாம். அனுசுயாவிடமிருந்து தொடங்குகிறேன். இதில் பெரும்பகுதி, விழா முடிந்த பிறகு கேன்டீனில் அவள் எனக்குச் சொன்னது.

2

அனுசுயா அங்கே ஆங்கிலத் துறையில் பாடம் நடத்துகிறவள். எறையூர்ப் பெண். அப்பா அரியமுத்து கரும்பு போடுகிறவர். ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் அப்பாவும் மகளும் நேராகப் பேசிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகிறது.

காரணம் ஒரு கல்யாணம். அதாவது, நடக்காத கல்யாணம். மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, பாதி ஊருக்குக் கொடுத்த பிறகு, எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று அனுசுயா சொல்லிவிட்டாள். காரணம் கேட்டதற்கு, "புடிக்கல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து எல்லாம் அம்மா உண்ணாமலை வழியாகத்தான்.

"மழ வர்ற மாதிரி இருக்கு, கொட எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"காலேஜ் பஸ்ஸு வாசல்லயே நிக்கும்னு சொல்லும்மா."

இரண்டு பேரும் ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் உண்ணாமலை ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் திரும்பி, கேட்டதையே மறுபடி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எதுவும் நகராது.

(உண்ணாமலையை வைத்தே ஒரு கதை எழுதலாம் என்று இந்த இடத்தில் எனக்குத் தோன்றியது. இரண்டு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அந்தம்மாளுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.)

3

விழாவின் கடைசி நிகழ்ச்சி போர்ச்சுகலிலிருந்து வந்த இனேஸ் என்ற பெண்ணுடையது. மேடையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் இனேஸ். பார்வையாளரில் ஒருவரை அவள் கை காட்டி அழைப்பாள். அவர் எதிரே உட்கார்ந்து, வீட்டில் இதுவரை சொல்லாத ஒன்றை அவளிடம் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு அவள் ஆடுவாள். நாடகம் அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பாளர் அனுசுயா. இனேஸ் அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. அவராகவே பேச வேண்டும். நான், எனக்கு, என்னுடைய.

புலத்தலைவர் முத்தமிழ்செல்வன் தன் பங்குக்கு இன்னொன்று சொல்லியிருந்தார்: "நல்ல விஷயமா சொல்லச் சொல்லும்மா. சீஃப் கெஸ்ட் உக்காந்திருக்காரு."

இனேஸ் எழுந்து அரங்கைப் பார்த்தாள். இரண்டாவது வரிசையில் ஒருவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கை காட்டினாள்.

அரியமுத்து.

[நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும். இவ்வளவு பேர் இருக்க அப்பாவா மாட்ட வேண்டும்? நானும் ஒரு பிரதியில் அவரை மாற்றி அரும்பாவூர் விவசாயி ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் உரவிலையைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கதையும் கூடவே போய்விட்டது. தவிர, தூங்கியவர் அரங்கிலேயே அவர் ஒருவர்தான். இனேஸுக்கு வேண்டியது அப்படி ஒருவர்.]

4

ஊர் பஸ்ஸில் கூட வந்திருந்த உண்ணாமலை தட்டி எழுப்பி மேலே அனுப்பினாள். அரியமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பக்கத்தில் மைக்கோடு மகள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"என்ன செய்யணுமாம்?" என்று மைக்கைக் கேட்டார்.

அனுசுயாவும் மைக்கைப் பார்த்துக்கொண்டே விளக்கினாள். அவர் கொஞ்சநேரம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகத்தையே பார்த்திருந்தார். தூக்கக் கலக்கமோ, இந்தப் பெண் நாளைக்கு விமானமேறிப் போய்விடும் என்ற தைரியமோ, பேச ஆரம்பித்துவிட்டார்.

"எனக்கு ஒரு பொண்ணு. ஆலத்தியூர் பக்கம் வேலைல இருக்குற மாப்புள்ளைக்குப் பேசி முடிச்சேன். கடைசில வேணாம்னுட்டா."

அனுசுயா ஆங்கிலத்தில் சொன்னாள்: "எனக்கு ஒரு மகள்..." அங்கேயே தடுக்கியது. தன்னைத் தானே பெற்றவள் மாதிரி இருந்தது. ஆனாலும் தொடர்ந்தாள்.

"எனக்கும் அந்தப் பையன புடிக்கல. பூ வைக்க வந்தன்னிக்கு, அவங்க கார் டிரைவரு எங்க வூட்டுப் பந்தில உக்காந்தாரு. மொத எல போட்டிருக்கு. அவர பாத்து மாப்புள்ள எந்திரிடான்னு சொன்னான். நான் பாத்துட்டேன்."

அனுசுயா மைக்கைத் தாழ்த்தினாள். அவளும் அதைப் பார்த்திருந்தாள். அப்பா பார்த்தது அவளுக்குத் தெரியாது.

இனேஸ் காத்திருந்தாள். முத்தமிழ்செல்வன் கீழேயிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அனுசுயா ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

"அவ வேணாம்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா சொந்தக்காரன்லாம் என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கிறான். கோவப்படாம எப்புடி? பட்டேன்."

அதையும் அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். இனேஸின் கண்கள் விரிந்தன. சின்னதாக ஒரு கேள்வி கேட்டாள்: மகளுக்கு இது தெரியுமா?

அனுசுயா தமிழில் சொன்னாள்: "அப்பறம் எதுக்கு ரெண்டு வருஷமா அம்மாவ நடுவுல நிக்க வெச்சீங்க? அவ தப்புப் பண்ணிட்டோமேன்னு தெனமும் நெனச்சுக்கிட்டு இருந்திருக்கா. நேரா ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

அரியமுத்து யோசித்தார்.

"இத அந்தப் பொண்ணா கேக்குது?"

"ஆமா."

"நாலு வார்த்ததான் பேசுச்சு."

"இங்கிலீஷ்ல சுருக்கமாத்தான்ப்பா இருக்கும்."

அரங்கில் சிரிப்பு எழுந்தது. அவர் முதல்முறையாக மைக்கை விட்டு மகளைப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. கோவம் எப்பவோ போயிடுச்சு. எறக்கி வெக்கத்தான் எடம் தெரியல."

இனேஸ் ஆவலாகத் திரும்பினாள். என்ன சொன்னார்? அனுசுயா வாயைத் திறந்தாள். மைக்கைத் தரையில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். இதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்து மாணவர்கள் கைதட்டினார்கள். இனேஸ் ஆடத் தொடங்கினாள். என்ன ஆடினாள் என்று கேட்காதீர்கள். அப்பாவும் மகளும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

5

முடிவு. முதலில் எழுதியது: 'அப்பாவும் மகளும் கட்டிக்கொண்டு...' அடித்துவிட்டேன். அந்த வீட்டில் யாரும் யாரையும் கட்டிக்கொள்வதில்லை.

அடுத்து எழுதியது: மறுநாள் காலை அரியமுத்து பழையபடி, "கொட எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்கிறார். சிரிப்பு வரும். ஆனால் உண்ணாமலைக்கு அதைச் செய்ய எனக்கு மனசில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்ப இருந்தது. உண்ணாமலை உள்ளே ஜன்னலோரம். விழா வேலை பாக்கி இருந்ததால் வழியனுப்ப மட்டும் வந்த அனுசுயா கீழே. அரியமுத்து படியில் ஒரு காலை வைத்தவர், இறங்கி மகளுக்கு எதிரே வந்து நின்றார்.

"சரி, ஒனக்கு எப்படிப்பட்ட ஆளத்தான் புடிக்கும்?"

அனுசுயா பழக்கத்தில் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன ஏன் பாக்குற? ஒன்னத்தான கேக்குறாரு" என்றாள் உண்ணாமலை.

அனுசுயாவிடம் ஒரு பெயர் இருக்கலாம். யாருமே வேண்டாம் என்ற பதிலும் இருக்கலாம். கேன்டீனில் அதைக் கேட்டபோது அவள் சிரித்துக்கொண்டு டீயைக் குடித்தாள். நீங்கள் அவளுக்கு எதை விரும்புகிறீர்களோ அதைச் சொல்ல வையுங்கள். அரியமுத்து என்ன பதில் சொல்வார் என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் நேருக்கு நேர் நிற்கிறார்கள். இனி நடுவில் நின்று எடுத்துச் சொல்ல ஒரு ஆள் எதற்கு? நான் நகர்ந்துகொள்கிறேன்.