மலை இறங்கி வந்த லாரி

ஆப்பிள் ஏற்றிய பழைய லாரியை மலையிலிருந்து இறக்கி, மித்லத் ஊர் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தியபோது ஹத்துவின் தோள்கள் கடுத்தன. ஸ்டியரிங் பம்ப் தேய்ந்து ஒரு மாதமாக முனகிக்கொண்டிருந்தது; ஸ்டியரிங்கும் ஆடியது.

மெக்கானிக் பாஸூ பழைய பம்பைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். ஆயில் ஊற்றி, முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கினார். ஹத்துவை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, அடியில் பார்த்தபடி, "உள்ள இருக்கிற காத்து வெளியேறணும். ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிங்கண்ணே," என்றார்.

வலப்பக்கம் ஒடித்ததும் ஸ்டியரிங் லேசாகத் திரும்பியது. "என் பேரக்குழந்தைகூட ஓட்டிடும் போல," என்று ஹத்து சிரித்தார். இடப்பக்கம் ஒடித்தபோது கீழே டக்கென்று ஒரு சத்தம்.

"இன்னும் ஒடிங்க."

"ஒடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"சக்கரம் அசையலண்ணே. இறங்கி வந்து பாருங்க."

ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி, மூட்டு கழன்று தொங்கியது.

"ஸ்டியரிங் ஆடுனப்பவும் பம்புன்னே நெனச்சிட்டீங்க. இது மலையில கழண்டிருந்தா..." என்றார் பாஸூ.

ஹத்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். காலையில் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் அவர் பக்கத்தில் மகள் தூதா, பத்து நாள் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு தூதா வந்தாள். "பம்ப் மாத்தியாச்சாப்பா? கிளம்பலாமா?"

அவர் தொங்கும் கம்பியைக் கை காட்டினார். பாஸூ விவரம் சொன்னதும் அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

பாஸூ புது மூட்டு பொருத்தி முடித்தார். பிறகு தூதாவையும் குழந்தையையும் பஸ் ஏற்றிவிட்டு, ஹத்து தனியாக லாரியை எடுத்தார்.