ஒரே லேயரில்

கமலாதேவி மாமியின் போனில் அவருடைய கணவர் வல்லிபுரத்தின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இரண்டு கிழமைக்கு முன்னர் காலமான மனிதர், வெங்காயத் தோட்டத்துக்குள் மேற்சட்டையில்லாமல் நின்று சிரிக்கிறார். முன்பல் ஒன்று இல்லை. மாடு இடித்துப் பிளந்த புருவத்தில் ஒரு தழும்பு. கமெராவைக் கண்டால் வாயைப் பொத்துகிறவர், அன்றைக்கு மட்டும் எப்படியோ மாமியிடம் அகப்பட்டுவிட்டார். அந்தக் கோலத்தை வெளியில் விட்டால் கோபிப்பார் என்று மாமி அதை மகளுக்குக்கூட அனுப்பவில்லை. பழைய படங்களெல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டன. அடையாள அட்டையில் இருப்பதோ முறைத்த முகம்.

“முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பெரிசாக்கி வைக்கவேணும். சேட்டொண்டும் போட்டு, கொஞ்சம் வடிவாக்கித் தாரும் பிள்ளை. உமக்கு ஏலுந்தானே?”

“ஓம் மாமி. என்னட்டை விட்டிட்டுப் போங்கோ,” என்றாள் வினோஜா.

அவள் சரவணைக் கிராமத்தில் இருந்துகொண்டே வெளிநாட்டுக் குழந்தைகளின் பிறந்தநாள் படங்களை வரைந்து அனுப்புகிறவள். அண்ணன் கனடாவிலிருந்து அனுப்பிய பென் டப்லெட்டில் பேனையை வைத்தாளென்றால் சாப்பாடும் மறந்துவிடும். போன் நிரம்பி, மகளின் வீடியோ கோல் அறுந்து அறுந்து போகிறது என்று மாமி அன்றைக்கே சொல்ல, படங்களைக் கணினிக்கு ஏற்றிவிட்டுப் போனிலிருந்தவற்றை அழித்துத் துப்புரவாக்கிக் கொடுத்ததும் அவள்தான்.

“இனி எல்லாம் என்னட்டைப் பத்திரமாக் கிடக்கும் மாமி.”

போட்டோஷொப்பில் படத்தை விரித்தாள். வெள்ளைச் சேட்டு நன்றாக வந்தது. கொலருக்கு நிழல் விட்டபோது கை சூடு பிடித்துக்கொண்டது. தழும்பை மூடினாள். பல்லை வைத்தாள். கன்னத்துச் சுருக்கங்களை மெல்ல மெல்லத் தடவி எடுத்தாள். போட்டோவுக்கு மேல் வேறு லேயர் போட்டு வரைந்தால் அடியில் பழைய முகம் அப்படியே இருக்கும். அது அவளுக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் போட்டோவிலேயே நேரே வரைந்தாள், அதே பெயரில் சேமித்து மூடினாள்.

அந்தியேட்டி முடிந்து மூன்று கிழமையில் மாமி வந்தார்.

“வந்த சனமெல்லாம் நல்லாயிருக்கெண்டுதான் சொல்லுது. எனக்குத்தான் பிள்ளை, அவரோடை கதைக்க வருகுதில்லை. ஆரோ பெரிய உத்தியோகத்தர் மாதிரிப் பாக்கிறார். அந்தப் பழைய படத்தை ஒருக்காக் காட்டும்.”

வினோஜா கணினியைத் திறந்தாள். அந்தப் படத்தைத் திறந்தால் அதே வெள்ளைச் சேட்டுக்காரர்தான். மாமியின் போனை வாங்கிப் பார்த்தாள். அழித்த படங்கள் கிடக்கும் கூடையும் மாதம் கடந்ததில் தானாகவே காலியாகியிருந்தது.

“அதுக்கு மேலைதான் கீறிப்போட்டன் மாமி. பழையது... இல்லை.”

மாமி கதிரையை அருகில் இழுத்துப் போட்டார். “அப்ப திரும்பக் கீறேலாதே?”

வினோஜா பேனையை எடுத்தாள். பல்லை அழித்து அந்த இடத்தில் இருட்டு வைத்தாள்.

“இன்னும் கொஞ்சம் அகலம். இல்லை, அந்தப் பக்கமெல்லே?”

மாறி மாறி வரைந்தாள். மாமி கண்ணை மூடி யோசித்தார், திறந்து திரையைப் பார்த்தார், திரும்பவும் மூடினார்.

“இதையே பாத்துப் பாத்து எனக்கும் அந்தப் பழைய முகம் மறந்துபோச்சு பிள்ளை.”

வினோஜா பேனையைக் கீழே வைத்துவிட்டாள்.

“நானெல்லே வடிவாக்கச் சொன்னனான். நீர் என்ன செய்வீர்?” என்றார் மாமி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. மாமி நல்லாய் ஏசியிருந்தால் வினோஜா அழுதாவது தீர்த்திருப்பாள்.

அந்தப் படம் மாமி வீட்டு விறாந்தையில்தான் தொங்குகிறது. றோட்டில் நின்று பார்த்தாலே தெரியும். வினோஜா கடைக்குப் போவதென்றாலும் இப்போது பின் ஒழுங்கையால் சுற்றித்தான் சைக்கிளை விடுகிறாள்.