கணவர் அச்சேறிய செவ்வாய்க்கிழமை

அந்த உயிரியல் பேராசிரியையின் ஆய்வுக் கட்டுரை அச்சில் வந்தால், அதில் சொன்ன விஷயம் அச்சடித்த அன்றைக்கு இருந்தபடியே நின்றுவிடும். இணையத்தில் ஏறினால் நிற்காமல் ஓடும். கல்லூரியில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவள் முதலில் அச்சிட்ட கல்லூரி வாசல் மரம் பதினான்கு வருடமாக அதே பதினோரு அடிதான், ஓர் இலை கூடவில்லை. இணையத்தில் போட்ட நத்தைகளோ பெருகிப் பெருகிக் கல்லூரி முதல்வர் நாற்காலிவரை வந்துவிட்டன. பாவம், அவர் தினமும் தட்டிவிட்டுத்தான் உட்காருகிறார்.

இப்போதைய கட்டுரை மறதி நோயைப் பற்றியது. நோயாளி ஒரே ஒருவர்தான், அவள் கணவர். இருபத்தாறு வருடம் நில அளவையாளராக ஊரார் நிலத்தையெல்லாம் அளந்த மனிதருக்குக் குளியலறைக்கு வழி தெரியவில்லை.

ஆய்விதழ் ஆசிரியர் போனில் பிடுங்கி எடுத்தார். "மேடம், அச்சா, இணையமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

என்னத்தைச் சொல்வாள்? இணையத்தில் போட்டால் ஓடும், அந்த நோய் ஓடுவதோ ஒரே திசையில். அச்சில் போட்டால் நிற்கும், ஆனால் எந்த நாளில்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் திடீரென்று அவளைப் பழைய செல்லப்பெயரில் அழைத்து, "குட்டிம்மா, என் கண்ணாடிய எங்க வெச்சே?" என்று கேட்டார். அன்றே அச்சுக்குக் கொடுத்திருக்கலாம். மகள் பெயரும் ஞாபகம் வரட்டுமே என்று காத்திருந்தாள். மனசு கேட்டால்தானே! அதுதான் கடைசி நல்ல நாள். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமையையே எழுதி அனுப்பிப் பார்த்தாள். நடந்து முடிந்ததற்கு மை ஒட்டவில்லை, பக்கம் வெள்ளையாகவே வந்தது.

தினமும் காலையில், "நான் யாருங்க?" என்று கேட்பாள். ஒரு வாரம் யோசித்தார். அடுத்த வாரம் "டாக்டரம்மா" என்றார். அதற்கடுத்த வாரம் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்கு என்பதுபோலப் பார்த்தார். இன்னும் விட்டால் பேச்சும் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை அவள் உள்ளே வந்ததும் அவர் மரியாதையாக எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்க. மேல் வீட்டுக்காரங்கதானே நீங்க?"

சமையலறைக்குப் போய் வாய்விட்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தாள்.

"அச்சுலயே போட்டுடுங்க சார். இன்னைக்கே."

பன்னிரண்டு வருடம் ஆயிற்று. அவருக்கு இன்னும் ஐம்பத்து நான்குதான், ஒரு முடிகூடப் புதிதாக நரைக்கவில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் அவரை அவளுடைய தம்பி என்று நினைக்கிறார்கள். அவள் திருத்துவதில்லை. அவள் கல்லூரியிலிருந்து திரும்பும் நேரத்தில் அவர் தவறாமல் எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுகிறார்.

"உட்காருங்க. உங்க வீட்டுக்காரர் இன்னும் வரலையா?"

"வந்துடுவார்" என்று சொல்லிவிட்டு அவள் உட்காருகிறாள்.