லலிதாவின் பிறந்தநாள்கள்

அன்று காலை பூங்காவில் இருந்தவர்கள்: சிரிப்பு வட்டத்தை நடத்தும் அகல்யா தாயி; அவரோடு தினமும் சிரிக்கிற பத்துப் பதினைந்து மராத்திக்காரர்கள்; கோயம்புத்தூர் பத்மநாபன்; அவர் மனைவி லலிதா; வெள்ளைச் சட்டையில் காந்தே காகாவின் மகன்; சாவியோடு வாட்ச்மேன்; நான். வட்டத்தில் தினமும் சிரித்த பெரியவர் காந்தே காகா இல்லை. முந்தின நாள் செத்துப்போயிருந்தார்.

நான் சிரிக்கப் போகிறவன் அல்ல. விமான் நகர் கால் சென்டரில் பார்த்த இரவு வேலையை விட்ட பிறகும் என் உடம்பு இரவில் தூங்க மறுத்தது. விடிந்ததும் அப்பாவின் முகத்தில் விழிக்காமல் இருக்கப் பூங்காவுக்கு வந்துவிடுவேன். பெஞ்சில் உட்கார்ந்து, வயதானவர்கள் கையைத் தூக்கி ஹோ ஹோ, ஹா ஹா என்று கத்துவதைப் பார்ப்பேன். புனேயில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் இப்படி ஒரு கூட்டம் உண்டு. ஜோக் எதுவும் கிடையாது. சிரி என்றால் சிரிப்பார்கள், நிறுத்து என்றால் நிறுத்துவார்கள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் அவரை நடுவில் நிறுத்தி, சுற்றி நின்று அவருக்காகச் சிரிப்பார்கள். அவர் எல்லோருக்கும் பேடா தர வேண்டும்.

பத்மநாபனுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். மகன் வீட்டோடு வந்தவர். மகனும் மருமகளும் ஆபீஸ் போனபின் அவரும் லலிதா அம்மாவும்தான். அந்த அம்மாவுக்கு எல்லாம் மறந்துகொண்டிருந்தது. கணவரையே வீட்டுக்குள் புகுந்த யாரோ என்று நினைத்தார். அவர் கையால் கொடுத்தால் சாப்பிட மாட்டார்.

முதல் பிறந்தநாள் நிஜம். நான்தான் மராத்தியில் சொன்னேன். நடுவில் நிறுத்திச் சிரித்தார்கள். அந்த அம்மாவும் கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். மறுநாள் பத்மநாபன் என் பெஞ்சுக்கு ஓடிவந்தார்.

"வீட்டுக்குப் போனவொடனே 'ஏனுங்க, பசிக்குது'ன்னா தம்பி. என்னையத்தான் கூப்புட்டா. ரெண்டு தோசை தின்னா."

கொஞ்ச நாளில் மறுபடி பேடா டப்பாவோடு நின்றார்.

"மறுக்காவுமா சார்?"

"அது தேதிங்க தம்பி. இது நட்சத்திரம். சொல்லிப்போடுங்க."

சொன்னேன். சிரித்தார்கள். அன்றும் சாப்பிட்டாராம்.

காந்தே காகா இல்லாத அந்தக் காலை, மூன்றாவது டப்பா.

"இது எதுக்கு சார்?"

"பள்ளிக்கோடத்து சர்டிபிகேட்டுல வேற தேதி போட்டுட்டாங்க, அந்தக் காலத்துல." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "முந்தாநேத்துல இருந்து ஒண்ணும் எறங்கலீங்க. தண்ணி குடுத்தாலும் துப்பறா."

"இன்னிக்கு வேணாம் சார். ஒருத்தர் தவறிட்டாரு. சிரிக்க மாட்டாங்க. கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டுக் கலைஞ்சிடுவாங்க."

அவர் டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

எல்லோரும் வட்டமாக நின்று தலையைக் குனிந்தார்கள். லலிதா அம்மாவுக்குத் தெரிந்தது அந்த வட்டம் மட்டும்தான். கணவரின் கையை உதறிவிட்டு நேராக நடுவில் போய் நின்றார். கையைத் தூக்கினார். ஹோ ஹோ என்றார். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சத்தம் போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் பலமாகச் சிரித்தார். காந்தே காகாவின் மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

அகல்யா தாயி என்னைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகத்தான் பேசினார். பொய் என்று இரண்டாவது பிறந்தநாளிலேயே எங்களுக்குத் தெரியும், தெரிந்துதான் சிரித்தோம் என்றார். இனிமேல் முடியாது, நாளையிலிருந்து அந்த அம்மாவை அழைத்துவர வேண்டாம், கணவரிடம் சொல் என்றார். "பஸ் ஜாலா." போதும்.

முடியாது என்பதை வாடிக்கையாளருக்கு வலிக்காமல் சொல்ல எனக்குக் கம்பெனியில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

"தாயி என்னங்க சொல்றாங்க?"

"நாளையில இருந்து வர வேணாம்னு சொல்றாங்க சார்."

"சர்டிபிகேட்டு சங்கதி சொன்னீங்களா?"

"அவங்களுக்கு முன்னாடியே எல்லாம் தெரியும்."

அவர் டப்பாவைத் திறந்து அகல்யா தாயியிடம் நீட்டினார். தாயி ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு போனார். மற்றவர்களும் போனார்கள்.

"தம்பி, நாம ரெண்டு பேரு இருக்கோமுங்கல்ல? வாங்க. ஒருக்கா."

போனேன். வேறென்ன செய்வது. லலிதா அம்மாவின் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நான். கைதட்டி ஹோ ஹோ, ஹா ஹா என்றோம். இரண்டு பேரால் வட்டம் வரவில்லை. அந்த அம்மா கையை இறக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"நீங்க யாருங்க?"

அவர் இன்னும் கொஞ்சம் கைதட்டினார்.

வாட்ச்மேன் விசில் ஊதினார். பத்து மணிக்கு மூடினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். நாங்கள் வெளியே வந்தோம். அந்த அம்மா மட்டும் திரும்பித் திரும்பிப் புல்வெளியைப் பார்த்தபடி வாசலில் நின்றார். பத்மநாபன் ஒரு பேடாவைப் பிட்டு அவர் உதட்டருகே கொண்டுபோனார். உதடு திறக்கவில்லை. புல்வெளியைப் பார்த்தபடியே அந்த அம்மா ஓர் அடி வெளியே வைத்தார். வாட்ச்மேன் அவர் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.